மா. கிருஷ்ணன்

மா. கிருஷ்ணன் (மாதவையா கிருஷ்ணன், சூன் 30, 1912 – பெப்ரவரி 18, 1996) தமிழ்நாட்டைச் சேர்ந்த இயற்கையியலாளர், எழுத்தாளர், ஒளிப்படக் கலைஞர் ஆவார். காட்டுயிர்களைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் எழுதினார்.

வாழ்க்கை

கிருஷ்ணன் திருநெல்வேலியில் பிறந்தார். பத்மாவதி சரித்திரம் புதினத்தை எழுதிய அ. மாதவையா இவருடைய தந்தை. சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றார். சட்டப் பட்டமும் பெற்றார். 1942-இல் இன்றைய கருநாடக மாநிலத்திலுள்ள சண்டூர் சமத்தானத்தில் பணியில் சேர்ந்தார். அது இந்தியாவுடன் இணைந்த பின்னர் சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் ஒளிப்படக்கலையையும் வாழ்வாகக் கொண்டார். தி ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950-இல் தொடங்கிய இவரது பத்தி, இவர் மறையும் வரை வெளிவந்தது. கருப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார்.

பறவைகளும் மனிதரும்

காட்டுயிர் என்பது விலங்குகளையும் பறவைகளையும் மட்டுமன்றி, அவை வாழும் நிலத்தையும் இயல்தாவரங்களையும் சேர்த்தே குறிக்கும் என்பது இவரது நிலைப்பாடு. எனவே காடுகளில் அயல்நாட்டு மரங்களை நடுவதை எதிர்த்தார். துப்பாக்கிக்கும் கண்ணிக்கும் தப்பிய பறவையும், கூடு கட்ட மரமும் இரை தேட நீர்நிலையும் இல்லையெனில் இனம் பெருக்க இயலாது.

இவர் எழுதிய இடங்களுள் வேடந்தாங்கலும் ஒன்று. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயப் படைவீரர்கள் அங்குப் பறவைகளைச் சுட்டபோது ஊர்மக்கள் முறையிட்டு, 1798-இல் ஆட்சியர் பிளேசிடம் பாதுகாப்பு ஆணை பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயல்களுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர்.

தேசியப் பறவையைத் தேர்ந்தெடுப்பது குறித்து கிருஷ்ணன் 1961-இல் கட்டுரை எழுதினார். 1963-இல் மயில் தேசியப் பறவையானது. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் மயிலுக்கு உயரிய பாதுகாப்பு அளிக்கிறது. ஆயினும் வயல்களில் வைக்கப்படும் நஞ்சு கலந்த தானியத்தை உண்டு மயில்கள் இறப்பது தமிழ்நாட்டில் இன்றும் நிகழ்கிறது. பயிரிழப்புக்குத் தீர்வு காணாமல் சட்டத்தால் மட்டும் இதனைத் தடுப்பது கடினம்.

பிறந்த மாவட்டத்தில்

மக்களின் ஒத்துழைப்பால் பறவைகள் காக்கப்படுவதற்குத் திருநெல்வேலி மாவட்டத்திலேயே சான்றுகள் உள்ளன. நாங்குநேரி அருகிலுள்ள கூந்தன்குளம் 1994-இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. பறவைகள் அஞ்சி விலகாதிருக்க அவ்வூரார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதைத் தவிர்த்து வந்துள்ளனர். தாமிரபரணிக் கரையிலுள்ள திருப்புடைமருதூரில், கோயிலைச் சூழ்ந்த மரங்களில் நீர்ப்பறவைகள் கூடமைக்கின்றன. இவ்விடம் 2005-இல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆற்றுநீரைத் தேக்கும் குளங்கள் தூர்ந்தாலோ கரைமரங்கள் வெட்டப்பட்டாலோ இக்காப்பிடங்களுக்கு வரும் பறவைகள் இரையும் உறைவிடமும் இழக்கும்.

சிறப்புகள்

நேரு ஆய்வுநல்கை (1968), பத்மசிறீ, ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் உலக 500 பெருமைப் பட்டியலில் இடம் (1995) ஆகிய சிறப்புகளைப் பெற்றார். இவருடைய தமிழ்க் கட்டுரைகள் சு. தியடோர் பாஸ்கரனால் தொகுக்கப்பட்டு, மழைக்காலமும் குயிலோசையும் என்னும் நூலாக இவரது மறைவுக்குப் பின் வெளிவந்தன.