ரெயில் நிற்காமல் ஓட வழி செய்த அடிமையின் மகன்

புகையைக் கக்கிக்கொண்டு ரெயில் ஓடுகிறது.

என்ஜினுக்குள் இருந்து ஓர் ஆள் வெளியே வருகிறான். என்ஜினின் பக்கவாட்டில் ஒரு குறுகலான பலகை இருக்கிறது. அதன் மேல் கால் வைக்கிறான். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொள்கிறான். மறு கையில் ஒரு தகரக் குவளை. அதில் உருக்கிய மாட்டுக் கொழுப்பு!

அடி மேல் அடி வைத்து முன்பக்கம் போகிறான். அங்கே உள்ள கிண்ணத்தில் கொழுப்பை ஊற்றுகிறான். பிறகு அதே வழியாகத் திரும்பி வருகிறான். மழை பெய்தாலும், பனி கொட்டினாலும் இந்த வேலை நடந்தே ஆகவேண்டும். கால் வழுக்கினால் அவ்வளவுதான்!

ரெயில் வந்த ஆரம்ப நாட்களில் என்ஜின்கள் இப்படித்தான் ஓடின. ஸ்டேஷனில் ரெயில் நின்றால் பயணிகள் இறங்குவார்கள். எண்ணெய்க்காரனும் இறங்குவான். சக்கரம் சக்கரமாக, அச்சு அச்சாக எண்ணெய் விட்டுக்கொண்டே போவான். அவன் முடிக்கும் வரை ரெயில் புறப்படாது.

அந்த எண்ணெய் விடும் வேலைக்கு வந்த ஒருவர், எண்ணெயைத் தானாகவே விடும் கருவியைச் செய்தார். அவர் ஒரு கறுப்பர். அடிமையாக இருந்து தப்பி ஓடியவர்களின் மகன். பெயர் எலைஜா மக்காய்.

தப்பி வந்தவர்கள்

எலைஜாவின் தந்தை ஜார்ஜ். தாய் மில்ட்ரெட். இருவரும் அமெரிக்காவில் உள்ள கென்டக்கி மாநிலத்தில் அடிமைகளாக இருந்தவர்கள்.

அந்தக் காலத்தில் அங்கே மனிதர்களை ஆடு மாடுகளைப்போல விலைக்கு விற்றார்கள், வாங்கினார்கள். தாயை ஒருவன் வாங்குவான். பிள்ளையை வேறொருவன் வாங்குவான். கேட்பதற்கு நாதி கிடையாது. ஓடிப்போனவனைத் தேடிப் பிடித்து வருவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள்.

ஆனால் வடக்கே கனடாவுக்குப் போய்விட்டால் விடுதலை. அது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் அடிமை முறையை ஒழிக்க 1833-ம் ஆண்டிலேயே சட்டம் செய்துவிட்டார்கள்.

ஓடிவரும் அடிமைகளுக்கு உதவி செய்ய நல்லவர்கள் பலர் இருந்தார்கள். இரவில் ஒரு வீட்டில் ஒளித்து வைப்பார்கள். மறுநாள் இரவு அடுத்த வீட்டுக்குக் கடத்திவிடுவார்கள். இப்படி வீடு வீடாக, கனடா எல்லை வரை கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். இந்த ரகசிய வழிக்கு மக்கள் வைத்த பெயர் வேடிக்கையானது. "நிலத்தடி ரெயில் பாதை" என்றார்கள். அதில் நிலத்தடியும் இல்லை, ரெயிலும் இல்லை!

அந்த வழியாகத்தான் ஜார்ஜும் மில்ட்ரெட்டும் கனடா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஒரு கலகம் நடந்தபோது ஜார்ஜ் பிரிட்டிஷ் படையில் சேர்ந்தார். அதற்காக அவருக்கு நிலம் கிடைத்தது. 160 ஏக்கர். நேற்று வரை பிறர் நிலத்தில் கூலி இல்லாமல் உழைத்தவர், இப்போது சொந்த நிலத்தில் ஏர் பிடித்தார்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், கோல்செஸ்டர் என்ற ஊரில் எலைஜா பிறந்தார். 1844-ம் ஆண்டு மே மாதம் 2-ந்தேதி. (1843 என்றும் சொல்வது உண்டு.) வீட்டில் குழந்தைகள் மொத்தம் 12 பேர்.

கடல் தாண்டிய சிறுவன்

சிறுவன் எலைஜாவுக்கு எந்திரம் என்றால் உயிர். எதைக் கண்டாலும் பிரித்துப் பார்ப்பான். மறுபடியும் பூட்டிவிடுவான்.

பிரித்ததற்கு அடிக்கும் தந்தைகளே அதிகம். ஜார்ஜ் அடிக்கவில்லை. பையனைப் படிக்க வைக்கவேண்டும் என்று முடிவு செய்தார். பக்கத்து ஊருக்கு அல்ல. கடலைத் தாண்டி ஸ்காட்லாந்துக்கு!

எலைஜாவுக்கு அப்போது வயது 15. எடின்பரோ நகரத்தில் எந்திரத் தொழில் பயின்றார். என்ஜினீயர் என்ற தகுதியுடன் திரும்பி வந்தார்.

அதற்குள் குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து இருந்தது. மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்ற ஊர். எலைஜா அங்கே போனார். அமெரிக்காவில் 1865-ம் ஆண்டு அடிமை முறை ஒழிந்தது. சட்டம் மாறிவிட்டது. மனம் மாறவில்லை.

எலைஜா என்ஜினீயர் வேலை தேடினார். எங்கும் கிடைக்கவில்லை. படிப்பைப் பார்க்காமல் தோலைப் பார்த்தார்கள். கடைசியில் மிச்சிகன் சென்டிரல் ரெயில்வேயில் ஒரு வேலை கிடைத்தது. என்ஜின் அடுப்புக்குக் கரி அள்ளிப் போடவேண்டும். எண்ணெயும் விடவேண்டும்.

கடல் கடந்து படித்தவர் கரி அள்ளினார். வயிறு இருக்கிறதே!

எண்ணெய் எதற்கு?

உள்ளங்கை இரண்டையும் சேர்த்துவைத்து வேகமாகத் தேய்த்துப் பாருங்கள். சூடு ஏறும். கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொண்டு தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும். அவ்வளவு சூடு ஏறாது.

இரும்பும் அப்படியே. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் இரும்பில்கூட, மிக நுட்பமான மேடு பள்ளங்கள் உண்டு. ஒன்றோடு ஒன்று உரசும்போது அந்த மேடுகள் கடித்துக்கொள்ளும். சூடு ஏறும். இரும்பு தேயும். சூடு மிஞ்சினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிடும். நடுவில் எண்ணெய் ஒரு மெல்லிய ஏடுபோலப் படர்ந்து நின்றால், இரும்பு இரும்பைத் தொடாது. மாட்டு வண்டி அச்சுக்கு மை போடுவதும், தையல் மிஷினுக்கு எண்ணெய் விடுவதும் இதற்காகத்தான்.

நீராவி என்ஜினில் இன்னொரு தொல்லையும் இருந்தது. ஊற்றிய எண்ணெய் உள்ளே தங்காது. நீராவி வெளியே போகும்போது எண்ணெயையும் வாரிக்கொண்டு போய்விடும். ஆகவே மேலும் மேலும் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். போதாக்குறைக்கு, மாட்டுக் கொழுப்பு சூட்டில் கெட்டுப்போய்ப் புளித்து, இரும்பையே அரிக்கும். காப்பாற்ற ஊற்றியதே கெடுத்துவிடும்!

கரி அள்ளிக்கொண்டே எலைஜா இதையெல்லாம் பார்த்தார். மற்ற எண்ணெய்க்காரர்களும் பார்த்தவர்கள்தான். ஆனால் அவர்கள் எடின்பரோவில் படித்தவர்கள் அல்ல.

கிண்ணம் பிறந்தது

எலைஜா சிறிய பட்டறை ஒன்று வைத்து வேலை செய்தார். அவர் செய்த கருவி பார்ப்பதற்கு ஒரு கிண்ணம்தான். அதில் எண்ணெயை நிரப்பிவிட வேண்டும். கிண்ணத்தின் அடியில் ஒரு வால்வு. என்ஜினில் உள்ள நீராவியின் அழுத்தமே அந்த வால்வை இயக்கும். எண்ணெய் வேண்டிய அளவுக்கு உள்ளே இறங்கும். ஆள் வெளியே தொங்கிக்கொண்டு போகவேண்டியது இல்லை. என்ஜினை நிறுத்தவேண்டியதும் இல்லை.

1872-ம் ஆண்டு ஜூலை மாதம் 23-ந்தேதி அமெரிக்க அரசாங்கம் இந்தக் கருவிக்குக் காப்புரிமை கொடுத்தது. அதன் எண் 1,29,843.

தானாக எண்ணெய் விடும் கருவியை உலகத்திலேயே முதன் முதலில் செய்தவர் இவர்தான் என்று சிலர் எழுதுவது உண்டு. அது சரி அல்ல. இங்கிலாந்தில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ரெயில்வே என்ஜினீயர், 1860-ம் ஆண்டிலேயே ஒரு கருவி செய்தார். எலைஜாவின் பெருமை வேறு. ஒரு கருவியோடு அவர் நிற்கவில்லை. ஏறக்குறைய 50 ஆண்டுகள் அதே பிரச்சினையோடு மல்லுக்கட்டினார். ஒன்றைச் செய்வார். அதில் குறை காண்பார். வேறொன்று செய்வார். அவர் பெற்ற காப்புரிமைகள் சுமார் 57. பெரும்பாலானவை எண்ணெய் விடும் கருவிகள்தான். துணி தேய்க்கும் மேஜைக்கும், புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கும் கருவிக்கும்கூட காப்புரிமை வாங்கினார்.

ரெயில்வேயும் அவரைப் புரிந்துகொண்டது. கருவியை என்ஜின்களில் பொருத்தும் பொறுப்பை அவரிடமே கொடுத்தது. கப்பல் என்ஜின்களிலும், தொழிற்சாலைகளிலும் இவை இடம் பிடித்தன.

துக்கமும் பணமும்

பெருமை வந்த அதே 1872-ம் ஆண்டில் துக்கமும் வந்தது. மனைவி ஆன் எலிசபெத் இறந்துபோனார். திருமணம் ஆகி 4 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

மறு ஆண்டு மேரி என்ற பெண்ணை மணந்தார். இந்த அம்மாள் கெட்டிக்காரர். பிற்காலத்தில் டெட்ராய்ட் நகரத்தில், ஆதரவு இல்லாத கறுப்பினக் கிழவிகளுக்கு ஒரு விடுதி அமைக்க முன்னின்று உழைத்தார். கணவனும் மனைவியும் 1882-ல் டெட்ராய்டில் குடியேறினார்கள்.

இத்தனை காப்புரிமை வாங்கியவர் கோடீசுவரர் ஆகியிருப்பார் என்று நினைக்கத் தோன்றும். ஆகவில்லை. கருவியைச் செய்து விற்கத் தொழிற்சாலை வேண்டும். தொழிற்சாலைக்கு முதல் வேண்டும். முதல் அவரிடம் இல்லை. எனவே பல காப்புரிமைகளைப் பிறருக்குக் கொடுத்துப் பணம் வாங்கினார். அந்தப் பணத்தைப் போட்டு அடுத்த கருவியைச் செய்தார். லாபம் வாங்கியவர்களுக்குப் போயிற்று. கருவியின் மேல் அவர்கள் பெயர்தான் இருந்தது.

ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டு. போலி இல்லாத அசல் பொருளை "அசல் மக்காய்" என்பார்கள். போலிக் கருவிகளை ஒதுக்கிவிட்டு, மக்காய் செய்ததுதான் வேண்டும் என்று என்ஜினீயர்கள் கேட்டதால் வந்த வழக்கு என்று அமெரிக்காவில் பலர் நம்புகிறார்கள். ஆனால் எலைஜா சிறுவனாக இருந்த 1856-ம் ஆண்டிலேயே, இதேபோன்ற ஒரு வழக்கு ஸ்காட்லாந்தில் அச்சாகி இருக்கிறது. கதை உண்மையோ இல்லையோ, கருவி நல்ல கருவி.

வயது 70-க்கு மேல்

காலம் மாறியது. ரெயில் என்ஜின்கள் பெரிதாயின. நீராவியை முன்னைவிட அதிகமாகச் சூடாக்கினார்கள். அந்தச் சூட்டில் எண்ணெய் தாக்குப்பிடிக்கவில்லை.

எலைஜாவுக்கு அப்போது 70 வயது தாண்டிவிட்டது. ஓய்வு எடுக்கவில்லை. எண்ணெயோடு கிராபைட்டையும் கலந்து விடும் கருவி ஒன்றைச் செய்தார். கிராபைட் வேறு ஒன்றும் அல்ல. பென்சிலில் எழுதுகிறதே, அந்தக் கறுப்புப் பொருள்தான். அது வழுக்கும், சூட்டுக்கும் தாங்கும். ஆனால் குழாயை அடைத்துக்கொள்ளும். அடைக்காமல் விடுவதற்குத்தான் மூளை தேவைப்பட்டது. தம்முடைய எல்லாக் கருவிகளிலும் இதுவே சிறந்தது என்று அவர் கருதினார். 1920-ம் ஆண்டில் தம் பெயரிலேயே ஒரு கம்பெனி தொடங்கினார்.

அவர் வாழ்ந்த டெட்ராய்ட் நகரமோ மோட்டார் நகரம் ஆகிவிட்டது. 1908-ம் ஆண்டில் போர்டு கம்பெனி "மாடல் டி" காரை வெளியிட்டது. காரின் என்ஜினில் எண்ணெய், நீராவியோடு ஓடிப்போவது இல்லை. அடியில் உள்ள தொட்டியிலேயே கிடந்து, சுற்றிச் சுற்றி வரும். ஆகவே அங்கே தொல்லை வேறு விதம். எரிந்த பெட்ரோலின் கரி அதில் கலக்கும். தேய்ந்த இரும்புத் துகள் கலக்கும். ஈரமும் சேரும். சூட்டில் எண்ணெயின் வழுவழுப்பு போய், நாளாக ஆகக் களிம்பாகிவிடும். தொட்டி நிறைய எண்ணெய் இருக்கும்; ஆனால் அது எண்ணெயின் வேலையைச் செய்யாது. மேலே கொஞ்சம் புது எண்ணெய் ஊற்றினாலும் அழுக்கு போகாது. பழையதை முழுவதும் வடித்துவிட்டுப் புதியதை ஊற்றத்தான் வேண்டும்.

புதுக் காரை 400 மைல் ஓட்டியதும் எண்ணெயை வடித்து மாற்றவேண்டும், பிறகு 750 மைலுக்கு ஒரு தடவை மாற்றவேண்டும் என்று போர்டு கம்பெனி காரோடு கொடுத்த புத்தகத்தில் அச்சிட்டு இருந்தது. 750 மைல் என்பது 1,200 கிலோமீட்டர். இன்றைய எண்ணெயும், வடிகட்டியும் அதைவிடப் பல மடங்கு தூரம் தாங்கும். ஆனால் மாற்றவேண்டிய காரணம் மாறவில்லை. மாற்றாமல் ஓட்டினால் முதலில் ஒன்றும் தெரியாது. அதுதான் ஆபத்து. பிஸ்டன் பிடித்து என்ஜின் நின்ற பிறகு, எண்ணெய்க்கு மிச்சம் பிடித்த காசைப்போலப் பல மடங்கு பட்டறைக்குப் போகும்.

கடைசி நாட்கள்

1922-ம் ஆண்டு எலைஜாவும் மேரியும் சென்ற கார் விபத்தில் சிக்கியது. இருவருக்கும் பலத்த காயம். மேரி அம்மாள் தேறவில்லை. மறு ஆண்டு கண்ணை மூடினார். 50 ஆண்டு கூட வாழ்ந்த துணை போய்விட்டது.

எலைஜாவின் உடம்பும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நினைவு தடுமாறியது. கவனித்துக்கொள்ள ஆள் இல்லை. 1928-ல் டெட்ராய்டுக்கு வெளியே இருந்த எலோயிஸ் மருத்துவ விடுதியில் சேர்த்தார்கள். ஏழைகளும், திக்கற்றவர்களும் தங்கும் இடம் அது. அங்கே 1929-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 10-ந்தேதி அவர் உயிர் பிரிந்தது.

டெட்ராய்டை அடுத்த வாரன் என்ற ஊரில், கறுப்பர்கள் தங்களுக்காகத் தாங்களே அமைத்துக்கொண்ட இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள்.

அமெரிக்க அரசாங்கத்தின் காப்புரிமை அலுவலகம் தலைநகரை அடுத்தே இருந்துவந்தது. 2012-ம் ஆண்டு ஜூலை மாதம், முதல் தடவையாக வெளியூரில் ஒரு கிளை திறந்தார்கள். திறந்த இடம் டெட்ராய்ட். அதற்கு வைத்த பெயர் எலைஜா மக்காய்.