டிராகுலாவைப் படைத்தவர்

இரத்தக்காட்டேரிக் கதை என்றால் நம்மில் யாருக்குத்தான் ஆவல் இல்லை? விடுதியில் விளக்கணைத்த பிறகு ஒருத்தி மெல்லிய குரலில் தொடங்கினால் போதும். போர்வைக்குள் காதைப் பொத்திக்கொண்டவள்தான் எல்லாரையும்விட நன்றாகக் கேட்டுக்கொண்டிருப்பாள். இவ்வாண்டு நம் பள்ளி நூலகத்தில் டிராகுலா நாவலின் சுருக்கப் பதிப்பு ஒன்று கை மாறி மாறி முதுகு பிய்ந்துபோனது. நூலகப் பொறுப்பிலுள்ள அருட்சகோதரி அதைக் கையில் எடுத்தபோது நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நடுங்கினோம். அவரோ இதை எழுதியவர் யார் என்று மட்டும் கேட்டார். வகுப்பில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. டிராகுலா என்ற பெயரை ஆறாம் வகுப்புச் சிறுமியும் அறிவாள். அதைப் படைத்தவரின் பெயரோ அட்டையிலேயே அச்சிட்டிருந்தும் எங்கள் கண்ணில் படவில்லை! அந்த வெட்கத்தினால் தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறோம்.

பிராம் ஸ்டோக்கர், அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினை அடுத்த கிளான்டார்ஃப் என்னும் கடலோரப் பகுதியில் 1847-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் பிறந்தார். தந்தையின் பெயராகிய ஆபிரகாம் என்பதே இவருக்கும் இடப்பட்டது. பிராம் என்பது அதன் சுருக்கம். ஏழு குழந்தைகளில் இவர் மூன்றாமவர். உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, அயர்லாந்தில் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம் அது. தந்தை அரசாங்க எழுத்தராக இருந்ததால் வீட்டில் பட்டினி இல்லை. ஆனால் வேறொரு துன்பம் வந்தது. குழந்தை எழுந்து நடக்கவில்லை. ஏழு வயது வரை பெரும்பாலும் படுக்கையிலேயே கிடந்தது. என்ன நோய் என்பது இன்றுவரை புலப்படவில்லை. மற்றப் பிள்ளைகள் கடற்கரையில் ஓடியாட, இவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கதை கேட்டார்.

கதை சொன்னவர் தாய் சார்லட். அவர் சொன்னவை தேவதைக் கதைகள் மட்டுமல்ல. 1832-ஆம் ஆண்டு அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஸ்லைகோ என்னும் ஊரைக் காலரா நோய் சூறையாடியது. அப்போது அங்கே வாழ்ந்த சார்லட்டுக்கு வயது 14. எங்களைவிட ஓராண்டு இளையவர்! பிணங்களைப் புதைக்க நேரமில்லாமல், மூச்சு அடங்குமுன்பே சிலரை இழுத்துச் சென்றார்களாம். பிணக்குவியலில் மனைவியைத் தேடிப்போன ஒருவர், அவள் உயிரோடிருப்பதைக் கண்டு தூக்கி வந்து பிழைக்க வைத்தாராம். ஆஸ்பத்திரியில் ஒரு கத்தோலிக்கக் குருவானவர், உயிர் பிரியாத நோயாளிகளைக் காலைப் பிடித்துக் கல்படிகளில் இழுத்துச் செல்லாதபடி, கையில் குதிரைச் சவுக்குடன் இரவும் பகலும் படிக்கட்டின் உச்சியில் காவல் இருந்தாராம். ஸ்டோக்கர் குடும்பம் புராட்டஸ்டண்டு குடும்பம். இருந்தும் அந்தக் குருவானவரை அந்த அம்மையார் மறக்கவில்லை. மகன் வளர்ந்து கேட்டபோது எல்லாவற்றையும் எழுதியும் கொடுத்தார். இறந்தும் இறவாதவர்களைப் பற்றிய பயம் பிராமுக்குப் புத்தகத்திலிருந்து வந்ததன்று. தாயின் வாயிலிருந்து வந்தது.

ஏழு வயதுக்குப் பின் அவர் எழுந்தார். எழுந்தவர் சும்மா எழவில்லை. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ஓட்டம், நடை, பந்தாட்டம் என்று பல பரிசுகள் பெற்றார். ஆஜானுபாகுவான வாலிபராக, செந்நிறத் தாடியுடன் விளங்கினார். பேச்சு மன்றங்களுக்குத் தலைமை வகித்தார். பின்பு தந்தையைப் போலவே அரசாங்க எழுத்தரானார். 1879-இல் வெளிவந்த அவருடைய முதல் நூல், கிராம நீதிமன்ற எழுத்தர்களின் கடமைகளைப் பற்றியது. அதை யாரும் போர்வைக்குள் ஒளித்துப் படித்திருக்க மாட்டார்கள்!

மாலை நேரங்களில் ஒரு நாளிதழுக்கு ஊதியமின்றி நாடக விமரிசனம் எழுதி வந்தார். அப்பத்திரிகையின் உரிமையாளர்களில் ஒருவராயிருந்த ஷெரிடன் லெஃபானு, 1872-இல் கார்மில்லா என்ற இரத்தக்காட்டேரிக் கதையை வெளியிட்டவர். ஆகவே ஸ்டோக்கர்தான் இவ்வகைக் கதையின் தந்தை என்று எண்ணிவிடக் கூடாது. 1819-லேயே பாலிடோரி என்ற மருத்துவர் அப்படி ஒரு கதை எழுதி ஐரோப்பாவை நடுங்க வைத்திருந்தார்.

1876-ஆம் ஆண்டு டிசம்பரில், ஹென்றி இர்விங் என்ற புகழ்பெற்ற நடிகர் டப்ளினில் ஹாம்லெட்டாக நடித்தார். ஸ்டோக்கரின் விமரிசனத்தைப் படித்து மகிழ்ந்த இர்விங் அவரை விருந்துக்கு அழைத்தார். அன்று தொடங்கிய நட்பு ஸ்டோக்கரின் வாழ்க்கையையே எடுத்துக்கொண்டது. 1878-இல் இர்விங் லண்டனில் லைசியம் நாடக அரங்கை ஏற்றபோது, ஸ்டோக்கர் அரசாங்க வேலையை உதறிவிட்டு அதன் நிர்வாகியாகப் போனார். அவ்வாண்டு டிசம்பரில்தான் புளாரன்ஸ் பால்கோம் என்ற அழகியை மணந்திருந்தார். (இவரை முன்பு விரும்பியவர் எழுத்தாளர் ஆஸ்கார் ஒயில்டு.) புதுமணத் தம்பதியின் பயணம் நேரே இர்விங்கிடம்தான். மறு ஆண்டு பிறந்த ஒரே மகனுக்கும் இர்விங் என்ற பெயரையே முதற்பெயராக வைத்தார்.

இருபத்தேழு ஆண்டுகள்! கணக்கு வழக்கு, கட்டுக் கட்டாகக் கடிதங்கள், அமெரிக்கப் பயண ஏற்பாடுகள், வாயிலில் நின்று விருந்தினரை வரவேற்பது எல்லாம் ஸ்டோக்கரின் வேலை. மேடையில் கைதட்டல் இர்விங்குக்கு. வீட்டில் மனைவியும் குழந்தையும் அவரை எத்தனை மாலைகள் பார்த்திருப்பார்கள் என்று எண்ணினால் நமக்கு அந்த அம்மையார்மீது இரக்கம் உண்டாகிறது. இந்த அவசர வாழ்க்கையிலும் 1882-இல் ஒரு நாள், தேம்ஸ் நதியில் படகிலிருந்து ஒருவர் குதித்தபோது, ஸ்டோக்கர் உடனே பாய்ந்து அவரைப் பற்றிக் கரைசேர்த்தார். தம் வீட்டுக்கே தூக்கி வந்து, மருத்துவராகிய தம்பி முயன்றும் உயிர் திரும்பவில்லை. இச்செயலுக்காக அவருக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது.

இர்விங் மூலம் அவர் பழகியவர்களில் ரிச்சர்டு பர்ட்டன் என்ற பயணியும் ஒருவர். நம் நாட்டு விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளை 1870-இல் ஆங்கிலத்தில் எழுதி, வேதாளத்துக்கு வேம்பையர் என்று பெயர் சூட்டியவர் அவரே. நம் வேதாளம் இரத்தம் குடிப்பதில்லை, விடுகதைதான் போடும். பாவம், அதற்கு அப்பெயர் பொருந்தாது. பர்ட்டன் பேசும்போது மேலுதடு உயர்ந்து கோரைப்பல் பளிச்சிட்டதை ஸ்டோக்கர் பிற்காலத்தில் மறக்காமல் எழுதி வைத்தார்.

1890-ஆம் ஆண்டு கோடையில் ஸ்டோக்கர் குடும்பத்துடன் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள விட்பி என்ற மீனவர் ஊருக்கு ஓய்வெடுக்கச் சென்றார். 199 படிகள் ஏறினால் கல்லறைத் தோட்டம். அதற்கும் அப்பால் பாழடைந்த பெரிய மடம். கத்தோலிக்கப் பிள்ளைகளாகிய நமக்கு அவ்விடம் வேறு வகையிலும் சொந்தமானது. 657-ஆம் ஆண்டு அங்கே மடம் நிறுவப்பட்டபோது அதன் தலைவியாயிருந்தவர் புனித ஹில்டா. ஆண்களும் பெண்களும் அவருடைய ஆளுகையில் வாழ்ந்தனர். மாடு மேய்த்த கேட்மன் என்பவரிடம் பாடும் வரம் இருப்பதைக் கண்டு அவரை மடத்தில் சேர்த்துக் கவிஞராக்கியவரும் அவரே. இத்தகைய புண்ணிய பூமியிலா டிராகுலா வந்து இறங்க வேண்டும் என்று முதலில் எங்களுக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

ஊர் நூலகத்தில் ஸ்டோக்கர் ஒரு பழைய நூலை எடுத்துப் படித்தார். அது 1820-இல் வில்லியம் வில்கின்சன் என்பவர் வலாக்கியா, மால்டேவியா நாடுகளைப் பற்றி எழுதியது. டிராகுலா என்ற பெயரும், அந்நாட்டு மொழியில் அதற்குப் பிசாசு என்று பொருள் என்ற குறிப்பும் அதில் இருந்தன. தம் கதையின் தீய பிரபுவுக்கு அதுவரை வேம்பிர் என்றுதான் பெயர் வைத்திருந்தார். அதை அடித்துவிட்டு டிராகுலா என்று எழுதினார். கரைக்காவலரிடம் பேசி, 1885-இல் அங்கே கரைதட்டிய டிமிட்ரி என்ற ருஷ்யக் கப்பலைப் பற்றிக் குறித்துக்கொண்டார். நார்வாவிலிருந்து மணல் ஏற்றி வந்த அக்கப்பல், கதையில் வார்னாவிலிருந்து வரும் டெமிட்டர் ஆயிற்று. எழுத்துகளை இடம் மாற்றியிருக்கிறார், பாருங்கள்! டிராகுலாவின் கோட்டை நிற்கும் திரான்சில்வேனியாவுக்கு அவர் வாழ்நாளில் ஒரு முறையும் போனதில்லை. நூல்களையும், வரைபடங்களையும், இரயில் நேர அட்டவணைகளையும் வைத்துக்கொண்டு, லைசியம் வேலைகளுக்கு நடுவே ஏழு ஆண்டுகள் உழைத்தார். மஞ்சள் அட்டையில் சிவப்பு எழுத்துகளுடன் 1897 மே மாதம் டிராகுலா வெளிவந்தது. விலை ஆறு ஷில்லிங்.

இப்படிப்பட்ட கதை நம் மலருக்குத் தகுமா என்று பெற்றோர் சிலர் எண்ணக்கூடும். தோழியரே, அந்நாவலில் டிராகுலாவைத் தடுப்பது எது? கோட்டைக்குப் புறப்படும் ஆங்கிலேய இளைஞன் ஜானத்தன் ஹார்க்கருக்கு, விடுதிக்காரக் கிழவி ஒருத்தி தன் கழுத்திலிருந்த பாடுபட்ட சுரூபத்தைக் கழற்றி அணிவிக்கிறாள். அவனோ அதை ஓரளவு சிலை வழிபாடு என்று கற்பிக்கப்பட்டவன். முதியவளின் மனம் நோகாமலிருக்கவே வாங்கிக்கொள்கிறான். பின்னர் சவரம் செய்யும்போது இரத்தம் கசிய, வெறியோடு பாய்ந்த டிராகுலாவின் கை அந்தச் செபமாலையில் பட்டதும் வெறி அடங்கிப்போகிறது. புராட்டஸ்டண்டு எழுத்தாளர் ஒருவர் இதை எழுதினார் என்பது எங்களுக்கு வியப்பாயிருந்தது. மருத்துவர் வான் ஹெல்சிங் நற்கருணை அப்பத்தை உடைத்துக் கல்லறையை அடைக்கும் இடம் மட்டும் எங்களுக்கு ஒப்பவில்லை. நற்கருணையை அப்படிக் கையாளத் திருச்சபை இடங்கொடாது. அதை ஆசிரியர் சரியாக அறியவில்லை.

இன்னொன்றும் எங்களைச் சிந்திக்க வைத்தது. உள்ளிருப்பவர் ஒருவர் முதன்முறை அழைத்தாலன்றி இரத்தக்காட்டேரி ஒரு வீட்டில் நுழைய முடியாது. பூட்டை உடைத்து வரும் திருடனைவிட, நாமே கதவைத் திறந்துவிட்டவன் அதிக அச்சம் தருகிறான் அல்லவா? இத்தனை ஆண்டுகளாக இக்கதைகள் சலிக்காமலிருப்பதற்கு இதுவே காரணம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. பல்லும் இரத்தமும் சில பக்கங்களில் பழகிவிடும். பிரபுவாக, மரியாதையாக, விருந்தோம்பலோடு பேசும் ஒருவர் நம் உயிரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுகிறார் என்பது பழகுவதில்லை. கதாநாயகி மீனா பள்ளி ஆசிரியை. சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றவள். எல்லாருடைய நாட்குறிப்புகளையும் வரிசைப்படுத்தி டிராகுலாவின் வழியைக் கண்டுபிடிக்க உதவுபவள் அவளே. பெண் என்பதால் அவளுக்கு இனி எதுவும் சொல்ல வேண்டாம் என்று ஆண்கள் கூடி முடிவெடுக்கிறார்கள். அந்த நாட்களில்தான் அவளுக்குத் தீங்கு நேர்கிறது. இதை ஸ்டோக்கர் வேண்டுமென்றே எழுதினாரோ என்னவோ, எங்கள் வகுப்பில் யாரும் அதைக் கவனிக்காமல் விடவில்லை.

டிராகுலா வேடத்தை இர்விங் ஏற்பார் என்று ஸ்டோக்கர் ஆசைப்பட்டதாகச் சொல்வார்கள். நூல் வெளிவருவதற்குச் சில நாட்கள் முன்பு, நாடக உரிமையைக் காப்பதற்காக லைசியத்தில் அது மேடையில் வாசிக்கப்பட்டது. நான்கு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. இர்விங் அதில் பங்கேற்கவில்லை, பின்னரும் ஒருநாளும் அவ்வேடம் பூணவில்லை. நூலைப் படித்து உள்ளம் பூரித்தவர் முதிய தாய் சார்லட்தான். மகனுக்குப் புகழும் பணமும் வரும் என்று அவர் கடிதம் எழுதினார். பணம் வரவில்லை.

அடுத்த ஆண்டே நெருப்பு, நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களின் காட்சித் திரைகளை அழித்தது. லைசியம் நொடித்தது. 1905 அக்டோபரில் இர்விங் இறந்தார். அதன்பின் ஸ்டோக்கருக்குப் பக்கவாதம் தாக்கியது. எழுதியே பிழைக்க வேண்டிய நிலை. பிற்காலத்து நாவல்கள் டிராகுலாவின் கால்தூசிக்கும் வரா; நோயும் அவசரமும் அவற்றில் தெரிகின்றன. 1911-இல் வறிய எழுத்தாளர்களுக்கான நிதியிடம் உதவி கோரி, நூறு பவுன் பெற்றார். 1912 ஏப்ரல் 20-ஆம் நாள், டைட்டானிக் கப்பல் மூழ்கிய ஐந்தாம் நாள், லண்டனில் காலமானார். பத்திரிகைகள் அவரை இர்விங்கின் நண்பராகவும் நிர்வாகியாகவுமே பெரிதும் நினைவுகூர்ந்தன.

கைம்பெண்ணான புளாரன்ஸ் 1922-இல், ஜெர்மனியில் தம் அனுமதியின்றி டிராகுலா கதையை நோஸ்ஃபெராட்டு என்ற பெயரில் திரைப்படமாக எடுத்திருப்பதை அறிந்தார். விடாமல் வழக்காடினார். படச்சுருள்களை அழிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆயினும் சில பிரதிகள் தப்பிவிட்டன. அப்படத்தை இன்றும் பார்க்கலாம். 1931-இல் பேலா லுகோசி நடித்த அமெரிக்கப் படம் டிராகுலாவின் பெயரை உலகெங்கும் பரப்பியது. புளாரன்ஸ் 1937 வரை வாழ்ந்து அதையும் பார்த்துவிட்டுப் போனார்.

ஸ்டோக்கரின் உடல் தகனம் செய்யப்பட்டு, சாம்பல் லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் ஒரு கலசத்தில் வைக்கப்பட்டது. 1961-இல் மகனின் சாம்பலும் அதே கலசத்தில் சேர்க்கப்பட்டது. தந்தை ஆசையோடு இட்ட இர்விங் என்ற முதற்பெயரை அம்மகன் வளர்ந்தபின் விட்டுவிட்டார். நோயல் ஸ்டோக்கர் என்றே அவர் தம்மை அழைத்துக்கொண்டார்.