செல்லம்மாள் பாரதி

மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு தனிப்பெருமை உண்டு. 1904-ஆம் ஆண்டில் சுப்பிரமணிய பாரதியார் ஏறத்தாழ மூன்று மாத காலம் அங்குத் தமிழாசிரியராகப் பணியாற்றினார். மதுரைவாசிகளாகிய நாம் அதனை மேடைதோறும் நினைவுகூர்கிறோம். ஆயின், அப்பெருங்கவிஞரின் இல்லத்தை இருபத்து நான்கு ஆண்டுகள் தாங்கிய துணைவியாரைப் பற்றி நம் மாணவர்கள் அறிந்திருப்பது மிகக் குறைவு. பாரதியாரின் மனைவி என்ற ஒரு தொடரோடு அவரைக் கடந்து சென்றுவிடுகிறோம்.

செல்லம்மாள் 1890-இல் பிறந்தவர். தென்காசிப் பக்கத்துக் கடையம் அவரது ஊர். 1897-இல் திருமணம் நிகழ்ந்தபோது அவருக்கு வயது ஏழு, மணமகனுக்குப் பதினான்கு. மறு ஆண்டே மாமனார் மறைந்தார். கணவர் காசிக்குச் சென்றார். குடும்பம் என ஒன்று அமையுமுன்பே பிரிவு வாய்த்துவிட்டது. பாரதியார் சென்னையில் பத்திரிகைப் பணி ஏற்ற பின்னரும் அமைதியான வாழ்வு நெடுநாள் நிலைக்கவில்லை. 1908-இல் அரசின் அடக்குமுறைக்குத் தப்பி அவர் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்தார். செல்லம்மாளும் பின்னர் அங்குச் சென்றார்.

புதுச்சேரி வாழ்வு பத்து ஆண்டுகள். பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் மலர்ந்த காலம் அது. இலக்கிய வரலாறு அதனைப் பொற்காலம் என்று போற்றுகிறது. அடுப்பங்கரைக் கணக்கு வேறு. 'இந்தியா' பத்திரிகை 1910-இல் நின்றுபோனது. நிலையான வருவாய் இல்லை. வாசலில் ஒற்றர்களின் காவல் வேறு. சமைக்க வைத்திருந்த அரிசியைப் பாரதியார் குருவிகளுக்கு இறைத்த கதையை நாம் சிரித்து மகிழ்ந்து சொல்கிறோம். அந்த அரிசி எவ்வாறு வீட்டிற்கு வந்தது, மீண்டும் யார் சென்று யாரிடம் கேட்டுப் பெற்றார் என்பதை எவரும் வினவுவதில்லை. கவிஞரின் கருணைக்கு உரிய விலையைக் கொடுத்தவர் செல்லம்மாளே என்பது என் கருத்து.

வறுமையினும் கொடிது ஒன்று உண்டு. கல்கத்தாவில் சகோதரி நிவேதிதையைச் சந்தித்தபோது, மனைவியை வீட்டில் விட்டுவந்ததற்காக அவர் பாரதியாரைக் கடிந்துகொண்டார் என்பர். 1908-இல் வெளியான நூலை அவருக்கே பாரதியார் காணிக்கையாக்கினார். பெண் விடுதலைக் கொள்கை அவருள் வேரூன்றியது. ஆனால் அக்கொள்கை முதலில் நடைமுறைக்கு வந்தது செல்லம்மாளின் வாழ்வில் அன்றோ! சாதி வேற்றுமை பாராது எவரையும் இல்லத்திற்கு அழைத்து உணவளித்தார் கவிஞர். உறவினரின் ஏச்சு வந்து சேர்ந்தது மனைவியிடம். அவர் எல்லாவற்றையும் வாய்மூடி ஏற்றவர் என எண்ணிவிட வேண்டா. வாதிட்டார், வருந்தினார், சில வேளைகளில் சினந்தும் கொண்டார். எனினும் உடன் நின்றார்.

1918 நவம்பரில் கடலூர் அருகே கைதாகி, டிசம்பரில் விடுதலை பெற்ற பாரதியார் கடையத்திற்கு வந்தார். அது செல்லம்மாளின் பிறந்த ஊர் என்பதை இங்கு மறத்தலாகாது. அந்த அக்கிரகாரத் தெருவில் மனைவியின் தோளில் கைபோட்டு நடந்தார் கவிஞர். ஊர் நகைத்தது. அவர் அவ்வூருக்கு வந்தவர். செல்லம்மாளோ அங்கே பிறந்து வளர்ந்தவர், அந்த நகைப்புக்குரிய முகங்களை ஒவ்வொன்றாய் அறிந்தவர். உறவினர் ஒதுக்கிய அந்நாளில், அருகிலுள்ள பொட்டல்புதூர் இஸ்லாமியப் பெருமக்கள் பாரதியாரை அழைத்து, 1920-இல் இஸ்லாத்தின் சிறப்பைப் பற்றி அவரது உரையைக் கேட்டு மகிழ்ந்தனர் என்பது நம்மனோர்க்குப் பெருமை தரும் செய்தி. தோளில் கைபோட்ட அதே கோலத்தில் இருவர்க்கும் 2022-இல் கடையத்தில் சிலை எழுந்துள்ளது.

1921 செப்டம்பரில் சென்னைத் திருவல்லிக்கேணியில் பாரதியார் மறைந்தார். செல்லம்மாளுக்கு வயது முப்பத்தொன்று. இளைய மகள் சகுந்தலா சிறுமி. சொத்தென்று எஞ்சியவை கையெழுத்துப் படிகளே. பள்ளிப் படிப்பும் பண வசதியும் அற்ற அக்காலக் கைம்பெண் ஒருவர் அடுத்து என்ன செய்வார்? இவர் பதிப்பாளர் ஆனார்! சகோதரர் அப்பாத்துரையின் துணையோடு பாரதி ஆச்ரமம் என்ற பெயரில் 1922-இல் சுதேச கீதங்களை வெளியிட்டார்; தமிழ் மக்களின் ஆதரவை வேண்டி விண்ணப்பமும் விடுத்தார். பொருளியல் நிலையில் அம்முயற்சி நெடிது செல்லவில்லை. எனினும் கவிஞர் மறைந்த மறு ஆண்டே பாடல்கள் அச்சேறியமைக்கு அவர் துணிவே காரணம். பின்னர் கணவரின் வரலாற்றை அவர் சொல்ல, மூத்த மகள் தங்கம்மாள் எழுத, அது 1941-இல் நூலாயிற்று. பாரதியாரின் குறைகளையும் மறைக்காமல் சொன்ன நூல் அது. பாரதி ஆய்வாளர் எவரும் அதனைத் தொடாமல் மேற்செல்ல இயலாது.

1949-இல் சென்னை அரசு பாரதியாரின் படைப்புரிமையைப் பெற்றுப் பின்னர்ப் பொதுவுடைமையாக்கியது. 1951-இல் திருச்சி வானொலியில் கணவரைப் பற்றிச் செல்லம்மாள் உரை நிகழ்த்தினார். 1955-இல் மறைந்தார்.