டவ்பிகின்: கண்டி முதல் ஜெருசலேம் வரை ஒரு பொலிஸ் வாழ்க்கை

கொட்டகலையில் கண்டி ரயில் ஏறினால் ஹட்டன், நாவலப்பிட்டி தாண்டி கம்பளை வரும். அந்த ஊரில் பெரஹர பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் அடிக்கலாமா என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 1915 பெப்ரவரியில் பெரஹர தரப்பு தோற்றது. அந்தக் கோபம் மே 28 நள்ளிரவையொட்டி, வெசாக் ஊர்வலத்தின்போது, கண்டியில் வெடித்தது.

அப்போதைய பொலிஸ் மா அதிபர் ஹெர்பர்ட் டவ்பிகின். 1901இல் இலங்கைப் பொலிஸில் சேர்ந்து, 1913இல் 32 வயதில் தலைமைக்கு வந்தவர்.

அன்றிரவு கூட்டத்தின் முன் நின்றது ஓர் இன்ஸ்பெக்டரும் சில கான்ஸ்டபிள்களும்தான். மூன்றே நாளில் கலவரம் கொழும்பைத் தொட்டது. முஸ்லிம்களின் 4,000க்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டம் வந்தது.

தடுக்க முடியாதவர்கள் பிறகு தண்டிக்கத் தொடங்கினார்கள். இது தன்னெழுச்சியல்ல, ஆட்சிக்கு எதிரான திட்டமிட்ட சதி என்று நம்பிய அதிகாரிகளில் டவ்பிகினும் ஒருவர். மதுவொழிப்பு இயக்கத் தலைவர்களின் வீடுகள் சோதனையிடப்பட்டன. டி.எஸ். சேனநாயக்கவும் சிறை சென்றார். கலவரம் அடங்கி வாரங்கள் கடந்த பின், ஜூலை 7ஆம் திகதி, ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். சதிக் கதையைச் சட்டநிரூபண சபையில் கிழித்துப் போட்டவர் பொன்னம்பலம் இராமநாதன், ஒரு தமிழர்.

இந்த மனிதரைத் தேடிப் படிக்க எனக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் லயத்திலிருந்து கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன பையன்கள், யுத்த காலத்தில் பெயருக்காகவே பிடித்துச் செல்லப்பட்டதைப் பார்த்து வளர்ந்தவள் நான். சதி என்ற சொல் எவ்வளவு தூரம் வீசப்படும் வலை என்று தெரியும்.

டவ்பிகினின் பதவிக்கு எதுவும் ஆகவில்லை. 1929இல் கொழும்பு டிராம் வேலைநிறுத்தத்தில் மருதானைப் பொலிஸ் நிலையத்தைக் கூட்டம் தாக்கியது; பொலிஸ் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் பாலஸ்தீனத்தில் ஜெருசலேம், ஹெப்ரோன், சஃபெத் என அடுத்தடுத்துத் தாக்குதல்கள். ஹெப்ரோனில் ஒரேயொரு பிரித்தானிய அதிகாரிதான் இருந்தார். 67 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். பொலிஸைச் சீரமைக்க லண்டன் 1930இல் அனுப்பியது டவ்பிகினைத்தான்.

அவர் எழுதிய பரிந்துரைகள் நடைமுறைக்கானவை: முக்கியமான யூதக் குடியிருப்புகளில் பொலிஸ் பிரிவு, தொலைபேசி, வாகனம் போகும் பாதை, முத்திரையிட்ட ஆயுதப் பெட்டி. படிக்கும்போது எனக்குக் கண்டியின் அந்தச் சில கான்ஸ்டபிள்கள் நினைவுக்கு வந்தார்கள். நேரத்துக்குப் போய்ச் சேர்வது எப்படி என்பதை அவர் கற்றிருந்தார். போய்ச் சேர்ந்த பிறகு யாரைச் சந்தேகிப்பது என்பது வேறு பாடம்.

24 ஆண்டுகள் இலங்கைப் பொலிஸை ஆண்டு, ‘சர்’ பட்டத்துடன் 1937இல் ஓய்வு பெற்றார். 1966இல் இறந்தார்.