ஒழுகினசேரிக்காரர் ஒளிச்சு வச்ச முட்டைகள்

மக்களே, லேப்ல பைத்தான் திறந்து இம்போர்ட் ஆன்டிகிராவிட்டின்னு அடிச்சுப் பாத்திருக்கீங்களா? பிரவுசர்ல ஒரு கார்ட்டூன் திறக்கும். எந்த சிலபஸ்லயும் வராது. எழுதினவங்க சும்மா ஒளிச்சு வச்சது. எக்செல் 97-க்குள்ள விமானம் ஓட்டுற ஒரு விளையாட்டே ஒளிஞ்சு கிடந்துச்சு. இதுக்கெல்லாம் ஈஸ்டர் எக்னு பேர் வந்த கதை உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். அட்டாரி கம்பெனி தன்னோட விளையாட்டுகளை எழுதினவங்க பேரை எங்கயும் போடாது. வாரன் ராபினெட்டுங்கிற புரோகிராமர் கடுப்பாகி, 'அட்வென்ச்சர்' விளையாட்டுல கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளியை எடுத்துட்டுப் போனாத்தான் நுழைய முடியிற அறை ஒண்ணைக் கட்டி, அதுக்குள்ள தன் பேரை எழுதிட்டு, வேலையை விட்டும் போயிட்டார். விளையாட்டு கடைக்கு வந்து, ஒரு பையன் கண்டுபிடிச்சுக் கடிதம் போட்ட பிறகுதான் கம்பெனிக்கே விஷயம் தெரிஞ்சுது.

அடுத்தவங்க சரக்குக்குள்ள தன் சரக்கை வைக்கிற இந்த வித்தையை நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் 1930-களிலேயே சினிமாவுல செஞ்சிருக்கார். மணிமேடையில சிலையா நிக்கிறாரே, கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், அவரேதான்.

திருநெல்வேலி பஸ்ல போறப்ப பழையாறு தாண்டுவோமே, அந்த ஒழுகினசேரியில 1908 நவம்பர் 29 அன்று பிறந்தவர். இனிஷியல்ல இருக்கிற 'எஸ்' அப்பா சுடலைமுத்து. அப்போ இந்த மண் திருவிதாங்கூர் சமஸ்தானம். வீட்டுல வறுமை, நாலாம் வகுப்போட படிப்பு நின்னுபோச்சு. நாடகக் கொட்டகையில சோடா வித்த பையன், மேடையைப் பாத்துப் பாத்து அதிலேயே ஏறிட்டான்.

ஆனா அவரோட முதல் பள்ளிக்கூடம் வில்லுப்பாட்டுன்னுதான் எனக்குத் தோணுது. கோயில் கொடையில கேட்டிருப்பீங்க. புலவர் சாமி கதையைக் கொண்டுபோவார். பக்கத்துல இருக்கிறவர் ஆமா போடுவார், குறுக்கே ஒரு கேள்வி கேப்பார், அந்தக் கேள்விக்குள்ள அந்த வருஷத்து ஊர் விவகாரம் வந்து உக்காந்துக்கும். கதை ஒரு இழை கூட அறுந்துபோகாது. கிருஷ்ணன் சின்ன வயசுலயே வில்லுப் பாடினவர். பின்னாடி காந்தி கதையையே வில்லுப்பாட்டா ஊர் ஊராக் கொண்டுபோனார்.

டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகக் கம்பெனி வழியா சினிமாவுக்கு வந்தார். 1936-இல் 'சதிலீலாவதி'. எம்.ஜி.ஆருக்கு அதுதான் முதல் படம். டைரக்டர் எல்லிஸ் ஆர்.டங்கன் அமெரிக்கர், தமிழ் தெரியாதவர். அந்தப் படத்துல தன்னோட காமெடிப் பகுதியைக் கிருஷ்ணன் தானே எழுதிக்கிட்டார். யோசிச்சுப் பாருங்க, ரிவ்யூ பண்றவருக்கு அந்த லாங்வேஜே தெரியாது! வேற எங்க கிடைக்கும் இந்தச் சுதந்திரம்?

அதுக்கப்புறம் இதுவே அவர் பாணி ஆகிடுச்சு. கதை ஒருத்தர், டைரக்ஷன் ஒருத்தர். காமெடி மட்டும் என்.எஸ்.கே. தன் ஆட்களை வச்சுத் தனியாத் தயார் பண்ணித் தர்ற மாட்யூல். 'வசந்தசேனா' படத்துக்காகப் புனே போனப்பப் பழக்கமான டி.ஏ.மதுரம் அவருக்கு மனைவி ஆனாங்க, திரையிலும் ஜோடி ஆனாங்க. மெயின் படம் புராணமோ ராஜா கதையோ எதுவா வேணா இருக்கட்டும், நடுவுல இந்த ரெண்டு பேரும் வந்து குடியைப் பத்தி, ஜாதியைப் பத்தி, மூடநம்பிக்கையைப் பத்திச் சண்டை போட்டு, பாட்டுப் பாடிட்டுப் போயிடுவாங்க.

ராபினெட் முதலாளிக்குத் தெரியாம வச்சார். இவர் விஷயம் அப்படி இல்ல. இவர் காமெடி வைக்கிறது எல்லாருக்கும் தெரியும், அதுக்குத்தான் காசே கொடுத்தாங்க. ஒளிஞ்சிருந்தது சிரிப்புக்குள்ள இருந்த சமாசாரம். டிக்கெட் வாங்கினவர் சிரிச்சு முடிச்சு, வீட்டுக்கு நடந்து போறப்பத்தான் அது தன்னைப் பத்தின ஜோக்குன்னு அவருக்கு உறைக்கும்.

1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வந்துச்சு. தியாகராஜ பாகவதரோட இவரும் மதுரமும் நடிச்ச படம். சென்னை பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி கண்டது. ஆனா அந்த டிசம்பர்லயே, பத்திரிகை நடத்தின லட்சுமிகாந்தன் கொலை வழக்குல பாகவதரையும் இவரையும் கைது பண்ணிட்டாங்க. தீர்ப்பு ஆயுள் தண்டனை. தியேட்டர்ல ஜனங்க அவரைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருக்காங்க, அவர் ஜெயில்ல இருக்கார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போச்சு. மறுபடி விசாரிக்கச் சொல்லி, 1947 ஏப்ரல்ல விடுதலை. ரெண்டு வருஷத்துக்கும் மேல போயிடுச்சு.

அந்த நாள்ல நாடகக் குழுவைக் கலையவிடாம நடத்தினவங்க மதுரமும் எஸ்.வி.சகஸ்ரநாமமும். வழக்குச் செலவுக்குப் பணம் வேணும்னு 'பைத்தியக்காரன்' நாடகத்தைப் படமாவும் எடுக்க ஆரம்பிச்சாங்க. பாதி எடுத்துக்கிட்டு இருக்கப்ப இவர் வெளியே வந்துட்டார். இவருக்குன்னு புதுசா ஒரு வேஷம் சேர்த்தாங்க. அதுல ஜெயில் வாழ்க்கையைப் பத்தியே ஒரு பாட்டு. படத்துல அது ஒரு கதாபாத்திரம் பாடுற காமெடிப் பாட்டுதான். ஆனா அன்னைக்கு உக்காந்து பாத்த ஒவ்வொருத்தருக்கும் தெரியும், யாரு எங்க இருந்து வந்து பாடுறார்னு. தமிழ் சினிமாவோட ஆகச்சிறந்த ஈஸ்டர் எக் இதுதான்னு நான் அடிச்சுச் சொல்லுவேன். வேற யாராவது இருந்தா அழுதிருப்பாங்க.

அடுத்தது 1949-இல் வந்த 'நல்லதம்பி'. கதை அண்ணாதுரை. அதுல இவர் பண்ணின 'கிந்தனார்' காலட்சேபம் இன்ஜினியரிங் மாணவர்கள் கட்டாயம் பாக்கவேண்டியது. கோபாலகிருஷ்ண பாரதியோட நந்தனார் கதைல, தாழ்த்தப்பட்ட நந்தன் சிதம்பரம் போகணும்னு துடிப்பார். இவர் இன்டர்ஃபேஸை அப்படியே வச்சுக்கிட்டார்: அதே பாகவதர் தோரணை, அதே ராகம், அதே பின்பாட்டு. உள்ள இருந்த கோடை மட்டும் மாத்திட்டார். கிந்தன் துடிக்கிறது கோயிலுக்கு இல்ல, பட்டணம் போய்ப் படிக்க. படிச்சு, பள்ளிக்கூடங்களைச் சோதிக்கிற அதிகாரியாத் திரும்பி வர்றான். நாலாம் வகுப்போட நின்ன ஒருத்தர் எழுப்பின கதை இது, கேட்டீங்களா?

இன்னொரு பாட்டு இருக்கு. விஞ்ஞானத்தை வளர்க்கப்போறேன்னு கணவர் பெருமை அடிப்பார். பட்டனைத் தட்டினா இட்லி காப்பி வரும்ங்கிற அளவுக்குப் போவார். அந்தக் காலத்து ஜனங்க அதை நடக்காத கதைன்னு சிரிச்சாங்க. நமக்கு அது ஃபுட் ஆப் விளம்பரம் மாதிரி இருக்கு.

1956 நவம்பர் 1 அன்று குமரி தமிழ்நாட்டோட சேர்ந்துச்சு. அதைப் பாத்துட்டு, 1957 ஆகஸ்ட் 30 அன்று போயிட்டார். வயசு 48. சம்பாதிச்சதை எல்லாம் கேட்டவங்களுக்குக் கொடுத்துட்டதால கையில பெருசா எதுவும் மிஞ்சல.

மைக்ரோசாஃப்ட், சோதிக்காத கோட் உள்ள இருக்கக்கூடாதுன்னு ஈஸ்டர் எக்கையே பின்னாடி நிறுத்திடுச்சு. இவர் வச்சதை யாரும் எடுக்கல. இன்னும் சொல்லப்போனா, சுத்தி இருந்த படங்கள்ல பலது மறந்துபோச்சு, இவர் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து யூடியூப்ல ஓட்டிக்கிட்டு இருக்காங்க. இன்னைக்கு ராத்திரி ரெக்கார்ட் எழுதி முடிச்சதும் 'கிந்தனார்'னு தேடிப் பாருங்க. ஹெட்போன் போட்டுக்கோங்க, பின்பாட்டுக்காரங்க முணுமுணுக்கிறதுல கூட ஜோக் இருக்கு.