தாய்மார் சாவுக்குக் காரணம் தேடியவர்

டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் என்றதும் சென்னைப் பல்கலைக்கழகமே பலருக்கும் நினைவில் எழும். 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் அதன் துணைவேந்தராக வீற்றிருந்தவர் அவர். அந்தப் பதவியின் நிழலில் அவரது மருத்துவப் பணி மங்கிப்போனது ஒரு குறையே.

1887 அக்டோபர் 14 அன்று கர்நூலில் இரட்டையருள் ஒருவராகப் பிறந்தார். உடன்பிறந்த இராமசாமி முதலியார் சட்டமும் அரசியலும் நாடினார். இவர் மருத்துவம் பயின்று, மகப்பேற்று மருத்துவத்தைத் தம் துறையாகக் கொண்டார். 1844இல் தோன்றிய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை அவருக்குப் பணிக்களம் மட்டுமன்று, ஆய்வுக்களமும் ஆயிற்று.

பிரசவம் பெண்ணுக்கு மறுபிறப்பு என்பது நம் ஊர் வழக்கு. பிழைக்காதவளுக்கு அவ்வளவுதான் விதி என்று சொல்லி அழுது ஓய்வர். முதலியார் அவ்வாறு ஓயவில்லை. சென்னை நகரில் தாய்மார் எதனால் மாள்கின்றனர் என்பதை ஆராய்ந்து 1933இல் அறிக்கை அளித்தார். பிரசவத்துக்குப்பின் அழுக்குக் கையாலும் கருவியாலும் தொற்றும் நச்சுக் காய்ச்சல், கர்ப்பகால வலிப்பு, உதிரப்போக்கு, இரத்தசோகை ஆகிய இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் காரணங்கள்; பெரும்பாலும் தடுக்கத்தக்கவை. சோகை பிரசவத்தன்று தோன்றுவதன்று. மாதக்கணக்கில் உடலில் ஊறியிருப்பது. ஆகவே வலி எடுத்தபின் ஓடிவரும் மருத்துவம் போதாது. கருவுற்ற நாள் முதலே பெண்ணைக் கவனித்தல் வேண்டும்.

எனினும் அந்த ஆய்வு நகரத்தோடு நின்றது. இண்டூரைப் போன்ற மருத்துவமனை எட்டாத சிற்றூர்களில் மாண்டவர்களை எண்ணியவர் யார்?

1938இல் வெளிவந்த அவரது மகப்பேற்று மருத்துவ நூல் தலைமுறை தலைமுறையாக மாணவர் கையில் தவழ்ந்தது. 1939இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வரானார். சிற்றூர்களின் கணக்கு ஓரளவேனும் ஏடேறியது போர் குழுவில். 1943இல் அமைந்த அக்குழுவில் முதலியாரும் உறுப்பினர். ஆயிரம் பிறப்புக்கு ஏறத்தாழ 20 தாயர், ஆண்டுக்கு 2 இலட்சம் பேர் இறப்பதாக 1946இல் அது மதிப்பிட்டது. ஊர்ப்புறங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பரிந்துரைத்தது. 1959இல் அவர் தலைமையிலேயே அமைந்த குழு, அந்நிலையங்களைப் பெருக்குவதற்குமுன் இருப்பவற்றை வலுப்படுத்துமாறு கூறியது.

1961இல் உலக சுகாதாரப் பேரவையின் தலைவரானார், 1974இல் மறைந்தார். 2018–20 கணக்கின்படி தமிழகத்தில் ஓர் இலட்சம் பிறப்புக்கு இறந்த தாயர் 54 பேர். அன்றைய மதிப்பீட்டில் அத்தொகை 2000.