பெறாத பிள்ளைக்குத் தாயானவர்

கங்கைகொண்டானுக்குத் தெற்கே, நெல்லையையும் பொருநையையும் கடந்தால் பாளையங்கோட்டை. அங்கே பாப்பாத்தி அம்மாள் கோயிலென்று மக்கள் அழைக்கும் மாதா கோயிலை நாம் பார்க்கிறோம். எந்த அம்மாள் அவர்?

தஞ்சையில் வாழ்ந்த மராட்டியப் பார்ப்பன விதவை. கணவன் சிதையில் அவரையும் ஏற்ற இருந்தார்களாம். மீட்டவர் லிட்டில்டன் என்னும் வெள்ளைத் தளபதி என்பர். மீட்டவரோடு வாழ்ந்தார் அம்மையார். மணமில்லா வாழ்வெனச் சுவார்ட்ஸ் பாதிரியார் ஞானஸ்நானம் தர மறுத்தார். சாத்திரம் சாகச் சொன்னது. சபையோ வாசலிலேயே நிறுத்தியது! லிட்டில்டனும் மாண்டார். இரண்டாம் முறையும் துணையிழந்தார்.

1778இல்தான் ஞானஸ்நானம், பெயர் குளோரிந்தா. மூலையில் முடங்கினாரா? இல்லை, தோழர்களே! பிறர் பெற்ற பிள்ளையை மகனாக ஏற்றார். நாற்பது பேர் கொண்ட 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் அம்மையார் பெயரோடு வளர்ப்பு மகன் பெயரும் இருக்கிறது: ஹென்றி லிட்டில்டன். மறைந்தவர் பெயர் அந்த மகனிடம் வாழ்ந்தது. ஊர் குடிக்கக் கிணறும் வெட்டுவித்தார். அம்மையார் கட்டிய கோயில் 1785இல் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர், அன்று மறுத்த அதே சுவார்ட்ஸ்!